பொதுக் கட்டடங்களில் எழுத்துக் கலை: மதுரையில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நூலகமோ பள்ளியோ அரசு அலுவலகமோ புதிதாகக் கட்டுகிறவர்களும், இருக்கும் கட்டடத்தின் வெற்றுச் சுவருக்கு ஏதாவது செய்ய நினைப்பவர்களும் எங்கள் எழுத்துப் பட்டறைக்கு வந்து கேட்கும் கேள்விகளே இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. பதில்கள் மதுரையின் வெயிலையும் சுவர்களையும் கைவினைஞர்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

எழுத்து நிறுவல் என்று எதைச் சொல்கிறீர்கள்? அதுவும் ஒரு பெயர்ப்பலகைதானே?

பெயர்ப்பலகை இடத்தைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். எழுத்து நிறுவலோ அந்த இடத்தின் சுவராகவோ கதவாகவோ கைப்பிடிச் சுவராகவோ தானே நின்று, கடந்து போகிறவரைச் சற்று நிறுத்தி வாசிக்கவைக்கும். பலகையை வேறு கட்டடத்திற்குக் கழற்றிச் செல்லலாம். நன்றாகச் செய்யப்பட்ட நிறுவலைக் கழற்றி வேறிடத்தில் மாட்டினால் அது பொருந்தாது. அந்தச் சுவரின் அகலம், அங்கே விழும் வெளிச்சம், வாசகர் நிற்கும் தூரம் ஆகிய மூன்றுக்கும் அளவெடுத்து வரையப்பட்ட எழுத்து அது. கணினியில் இருக்கும் எழுத்துருவைப் பெரிதாக்கி வெட்டி ஒட்டுவதை நாங்கள் இந்தப் பெயரால் அழைப்பதில்லை.

இது மேல்நாட்டிலிருந்து வந்த வழக்கம் அல்லவா? மதுரைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் மாங்குளத்திற்கு ஒருமுறை போய்வரச் சொல்கிறோம். மேலூர்ப் பக்கம் மீனாட்சிபுரத்தை ஒட்டிய குன்றின் குகைத்தளங்களில், சமணத் துறவியருக்குப் படுக்கை அமைத்துக் கொடுத்த செய்தி தமிழி எனப்படும் தொன்மைத் தமிழ் எழுத்தில் (தமிழ்ப் பிராமி) வெட்டப்பட்டிருக்கிறது. 1882-இல் ராபர்ட் சீவல் கண்டறிந்த இக்கல்வெட்டுகள் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை. பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் அவற்றில் வருகிறது. எழுத்துகளை வெட்டியவர் பாறையைச் சமப்படுத்தி நேர்க்கோடு போட்டுக்கொள்ளவில்லை. பாறையின் போக்கோடு எழுத்தும் போகிறது. கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்காகவே எழுத்து பெரிதாக இருக்கிறது. இடத்திற்காக எழுதுவது என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

கீழக்குயில்குடியில் சமணர் மலையின் பேச்சிப்பள்ளத்திற்குப் போனால், வரிசையாகச் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்களின் கீழே அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்கள் வட்டெழுத்தில், அதாவது வளைவுகள் மிகுந்த பழந்தமிழ் எழுத்துமுறையில் இருப்பதைக் காணலாம். இன்றைய அருங்காட்சியகங்களில் சிலைக்கடியில் வைக்கும் குறிப்புப் பலகையின் வேலையை அவை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே செய்திருக்கின்றன. நகருக்குள்ளேயே, மீனாட்சியம்மன் கோயில் பொற்றாமரைக் குளத்தின் சுற்று மண்டபச் சுவரில் சலவைக்கல்லில் பொறித்த திருக்குறள் இருக்கிறது. 2023 மார்ச் மாதம் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்தில் பானை ஓட்டில் கீறிய பெயர்கள் இருக்கின்றன. எனவே இறக்குமதி என்று கூச்சப்பட வேண்டியதில்லை. வேலையின் தரம் வேண்டுமானால் கூச்சப்படவைக்கலாம்.

வேறு ஊர்களில் பார்த்துக் கற்றுக்கொள்ளத்தக்கவை எவை?

நிறைய இருக்கின்றன, எங்களுக்குப் பயன்பட்ட நான்கைச் சொல்கிறோம். எகிப்தில் 2002-இல் திறக்கப்பட்ட அலெக்சாந்திரியா நூலகத்தின் வெளிச்சுவர் அஸ்வான் கருங்கல்லால் ஆனது. உலகின் ஏறத்தாழ 120 எழுத்துமுறைகளின் குறிகள் அதில் செதுக்கப்பட்டுள்ளன. அங்கே எழுத்து, வாசகமாக இல்லாமல் சுவரின் தோலாகவே ஆகிவிடுகிறது. லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் உலோக வாயிற்கதவில் நூலகத்தின் பெயர் மட்டுமே திரும்பத் திரும்ப வருகிறது. வரிக்கு வரி எழுத்தின் தடிப்பு மாறுகிறது. பெயர்ப்பலகையும் கதவும் கலையும் ஒன்றாகிவிட்ட அந்த வேலைப்பாட்டில் வேறு எந்த அலங்காரமும் இல்லை. துபாயில் 2022-இல் திறக்கப்பட்ட எதிர்கால அருங்காட்சியகத்தில் அரபுக் கையெழுத்தின் வரிகளே சன்னல்கள். பகலில் அவை வழியே வெயில் உள்ளே வருகிறது, இரவில் விளக்கொளி வெளியே போகிறது.

நான்காவது ஆக்ராவில் இருக்கிறது. தாஜ்மகாலின் வாயில்களைச் சுற்றி எழுத்துக் கலைஞர் அமானத் கான் அமைத்த கறுப்புச் சலவைக்கல் எழுத்துகள், உயரே போகப் போகப் பெரிதாக்கப்பட்டுள்ளன. கீழே நிற்பவருக்கு எல்லா எழுத்தும் ஒரே அளவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்த கணக்கு அது. இரண்டு மாடி உயரத்திற்குத் தொங்கவிடும் வாசகங்களில் இன்று யாரும் இதைச் செய்வதில்லை. மேல்வரி எறும்பாகவும் கீழ்வரி யானையாகவும் தெரிகின்றன.

எந்த எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பது?

சிறிய வேலையாக இருந்தால், திறந்த உரிமத்தில் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர் போன்றவை போதும். கட்டணமின்றி எந்தப் பயனுக்கும் அவற்றை வெட்டிக்கொள்ளலாம். ஹிந்த் மதுரை, அரிமா மதுரை என்று நம் ஊரின் பெயர் தாங்கிய எழுத்துருக்களும் உண்டு. மதுரையில் பிறந்தவை என்று நினைத்துப் பலர் அவற்றையே கேட்கிறார்கள். ஹிந்த் குடும்பத்தில் வங்க எழுத்துக்குச் சிலிகுரி என்றும் தெலுங்குக்குக் குண்டூர் என்றும் பெயர் வைத்ததைப் போலத் தமிழுக்கு மதுரை என்று வைத்திருக்கிறார்கள், அவ்வளவே.

பெரிய வேலைக்கு எழுத்துருவை நம்ப வேண்டாம். திரையிலும் தாளிலும் வாசிப்பதற்காக வரையப்பட்ட எழுத்து நான்கு அடி உயரத்திற்கு வளரும்போது, முன்பு கண்ணில் படாத குறைகளெல்லாம் வெளியே வரும். 'ழ'வின் வால் திடீரென்று மெலிந்திருக்கும். 'ண'வின் சுழிகள் ஒன்றையொன்று நெருக்கும். 'ஞ' தனியாக ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். தேவையான எழுத்துகள் பதினைந்தோ இருபதோதான் இருக்கும் என்பதால், கையால் வரையத் தெரிந்த ஒருவரிடம் அவற்றை மட்டும் புதிதாக வரைந்து வாங்குவது எளிது. ஃபிளெக்ஸ் வருவதற்கு முன் சுவரிலும் தகரத்திலும் தூரிகை பிடித்த ஓவியர்கள் மதுரையில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய கை, எந்த மென்பொருளையும் விட எழுத்தின் எடையை அறிந்த கை.

எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்தைய வடிவங்களைப் பயன்படுத்தலாமா?

1978-இல் தமிழ்நாட்டு அரசின் ஆணைப்படி மாறிய 13 எழுத்துகள், அதாவது துதிக்கை தூக்கிய 'லை' முதலான ஐகார வடிவங்களும், வளைத்து எழுதிய 'ணா', 'றா', 'னா' முதலியவையும், அழகில் குறைந்தவை அல்ல. பழைய பள்ளியின் நூற்றாண்டுச் சுவருக்கோ, பழைய அச்சகத்தை நினைவுபடுத்தும் கூடத்திற்கோ அவை பொருந்தும். மாணவர்கள் அன்றாடம் வாசித்துப் பழக வேண்டிய இடத்தில் வேண்டாம். ஒரே வாசகத்தில் ஒரு 'லை' பழையதாகவும் மற்றொன்று புதியதாகவும் நிற்பது மட்டும் எந்நிலையிலும் கூடாது.

தமிழியிலோ வட்டெழுத்திலோ அமைக்கலாமா?

அமைக்கலாம், ஆனால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் அதை வாசிக்க முடியாது என்பதை ஒப்புக்கொண்டு அமைக்க வேண்டும். அருகிலேயே இன்றைய எழுத்தில் அதே வாசகம் இல்லாவிட்டால் அது பூவேலைப்பாடாகிவிடும். இன்னொன்று: கணினியில் கிடைக்கும் தமிழி எழுத்துரு ஒழுங்கான கோடுகளால் ஆனது, பாறையில் உளி போன தடம் அதில் இல்லை. கல்வெட்டின் மீது ஈரத்தாளை ஒற்றி, மை தட்டி எடுக்கும் மைப்படியின் உருவத்தை அளவு மாற்றாமல் எஃகிலோ கல்லிலோ கொண்டுவருவதே எங்களுக்கு உகந்த வழி. மூலக் கல்வெட்டின் மேல் சுண்ணக்கட்டி தேய்த்தோ வண்ணம் பூசியோ படம் எடுக்கும் பழக்கத்தை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். மலைக்குப் போகிற இடமெல்லாம் அந்தக் கொடுமையைப் பார்க்கிறோம்.

தமிழ் எழுத்தை உலோகத்தில் வெட்டும்போது என்னென்ன சிக்கல்கள் வரும்?

முதற்சிக்கல் புள்ளி. ரோமன் எழுத்தில் புள்ளி இரண்டு எழுத்துகளுக்குத்தான் உண்டு. அது விழுந்தாலும் சொல் மாறாது. தமிழில் மெய்யெழுத்து ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு. அது எழுத்தின் உடலோடு ஒட்டாமல் தனியே மிதக்கிறது. ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் பழையவர்கள் அதை விட்டுவிட்டே எழுதினார்கள், படிப்பவர் இடமறிந்து சேர்த்துக்கொண்டார். இன்றைய வாசகர் அப்படிச் சேர்த்துக்கொள்ள மாட்டார்.

இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்வி நிறுவனத்தின் படிக்கட்டுச் சுவரில், ஒன்றரை அடி உயர எஃகு எழுத்துகளில் ஒரு வாசகத்தைப் பொருத்தினோம். அதில் 'கல்வி' என்ற சொல் இருந்தது. புள்ளிகளை ஒற்றைத் திருகாணியில் நிறுத்தியிருந்தோம். வட்டமான தகடு ஒரே ஆணியில் நின்றால், ஏறி இறங்கும் பிள்ளைகளின் விரல் படப்பட அது சுழலும். சுழலச் சுழல ஆணி தளரும். ஒரு திங்கட்கிழமை காலையில் 'ல்' தன் புள்ளியை இழந்து நின்றது. அப்போது அந்தச் சொல் எப்படி வாசிக்கப்பட்டது என்பதைத் தமிழ் அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. படம் எடுத்த மாணவர்களைக் குறை சொல்வதற்கும் ஒன்றுமில்லை. அன்று முதல், கை எட்டும் உயரத்தில் உள்ள எந்தப் புள்ளியையும் இரண்டு ஊசிகளில் நிறுத்துகிறோம். அல்லது புள்ளியையும் எழுத்தையும் பின்பக்கம் ஒரு மெல்லிய கம்பியால் பற்றவைத்து ஒரே துண்டாக்கிவிடுகிறோம். சுவரிலிருந்து எழுத்து ஓர் அங்குலம் விலகி நின்றால் அந்தக் கம்பி கண்ணுக்குத் தெரியாது.

இரண்டாவது சிக்கல், தகட்டில் எழுத்தைத் துளையாக வெட்டி எடுக்கும் வேலையில் வருகிறது. 'ட', 'ப', 'ய', 'ர' போன்ற சில எழுத்துகளில்தான் மூடிய வெளி இல்லை. 'க', 'த', 'ம', 'வ' எல்லாவற்றிலும் சுழியோ வயிறோ உண்டு. துளையாக வெட்டினால் நடுத்துண்டு கழன்று விழும். அதைப் பிடித்துக்கொள்ளச் சிறு பாலம் விட வேண்டும். பாலத்தை எங்கே விடுவது என்பதை வெட்டும் எந்திரக்காரரிடம் விட்டுவிட்டால், அவர் எல்லா எழுத்துக்கும் நடுவில் ஒரு செங்குத்துக் கோடு போட்டுக் கொடுப்பார். பேனா இயல்பாக எழும் இடத்தில், அதாவது சுழி தொடங்கும் வாயில் விட்டால், பாலம் எழுத்தின் பகுதியாகவே தோன்றும்.

மூன்றாவது கொம்பும் காலும். 'கொ' என்பது மூன்று துண்டு. மூன்றுக்கும் நடுவிலுள்ள இடைவெளி, அடுத்த எழுத்துக்கு விடும் இடைவெளியை விடக் குறைவாக இருக்க வேண்டும். எல்லாத் துண்டுகளையும் ஒரே இடைவெளியில் அடுக்கினால் வாசிப்பவர் தடுமாறுவார். 'ஔ'வின் பின்பாதியை 'ள' என்று எண்ணித் தள்ளிவைத்த சுவரையும் பார்த்திருக்கிறோம்.

கணினியில் சரியாக இருந்த எழுத்து, வெட்டி வரும்போது சிதைவது ஏன்?

படவரை மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான எழுத்துக் கோப்பு முறையைத் தெரிவு செய்யாவிட்டால், கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். சில நேரம் கொம்புக்குப் பக்கத்தில் புள்ளிகளாலான ஒரு வட்டம் முளைக்கும். அந்த வட்டத்தையும் எழுத்தென்று நினைத்து உலோகத்தில் வெட்டிக் கொடுத்த பட்டறைகள் உண்டு. கோப்பை அனுப்பும் முன் எழுத்துகளைக் கர்வாக, அதாவது எழுத்துருவைச் சாராத வெளிக்கோட்டு வடிவமாக மாற்றிவிட வேண்டும். பிறகு அதை ஒரு தாளில் அச்சிட்டு, கணினியைத் தொடாத, தமிழ் நன்கறிந்த ஒருவரிடம் உரக்க வாசிக்கச் சொல்ல வேண்டும். வடிவமைத்தவரே மெய்ப்புப் பார்த்தால் பிழை கண்ணில் படாது.

எழுத்து எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்?

பலகைத் தொழிலில் பத்தடித் தொலைவுக்கு ஓர் அங்குலம் என்றொரு கணக்கு உண்டு. அது ரோமன் பெரிய எழுத்துக்காக வந்த கணக்கு. தமிழில் சுழிகள் மிகுதி என்பதால் நாங்கள் ஒன்றரை மடங்கு வைக்கிறோம்: அறுபதடி தள்ளி நின்று வாசிக்க வேண்டிய கூடத்தில் ஒன்பது அங்குலம். எந்த உயரத்தை அளக்கிறோம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது. 'ப'வின் உயரம் ஒன்று, மேல்விலங்கோடு (இகரக் குறியோடு) கூடிய 'பி'யின் உயரம் வேறு, 'ழு'வின் வால்நுனி வரையிலான உயரம் இன்னும் வேறு. இதனால் எழுந்த சண்டைகள் பல.

முழு அளவில் ஒரு ஃபிளெக்ஸ் அச்சிட்டுச் சுவரில் நான்கு நாள் தொங்கவிட்டுப் பாருங்கள். மதுரையில் ஃபிளெக்ஸ் கடை இல்லாத வீதி அரிது. அதற்கு இதைவிட நல்ல பயன் எங்களுக்குத் தெரியவில்லை.

கருங்கல், எஃகு, அக்ரிலிக் ஆகியவற்றில் எது நல்லது?

உட்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் விடை வேறு. வெளியே வெயில் படும் இடத்தில் அக்ரிலிக் வேண்டாம். மூன்று மீட்டர் நீள அக்ரிலிக் பட்டை, 30 டிகிரி வெப்ப மாற்றத்தில் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீளும். அதே நீளமுள்ள துருப்பிடிக்காத எஃகு ஒன்றரை மில்லிமீட்டர்தான் நீளும். காலையில் குளிர்ந்து சித்திரை நண்பகலில் கொதிக்கும் மேற்குச் சுவரில், இறுக்கித் திருகிய அக்ரிலிக் எழுத்து இரண்டு கோடைக்குள் ஆணித்துளையிலிருந்து விரிசல் விடும்.

மேலூர் வட்டாரத்துக் கல் நமக்கு அருகில் கிடைக்கிறது. கல் செதுக்கும் கைகளும் இருக்கின்றன. மெருகேற்றிய கருங்கல்லில் எழுத்தை வெட்டினால், மெருகு கறுத்தும் வெட்டுவாய் வெளிறியும் இருக்கும். அந்த வேறுபாடே வாசிக்கப் போதும். அதன் மேல் பொன்வண்ணம் அடைப்பது தேவையற்ற செலவு. சில ஆண்டுகளில் வண்ணம் உரிந்து எழுத்து சொறி பிடித்ததுபோல் ஆகிவிடும். எடையையும் பார்க்க வேண்டும்: 20 மில்லிமீட்டர் கற்பலகை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 54 கிலோ, 3 மில்லிமீட்டர் எஃகுத் தகடு 24 கிலோ. பொறியாளரைக் கேட்காமல் தடுப்புச் சுவரில் கல்லை ஏற்ற வேண்டாம்.

விளக்கு எப்படி அமைய வேண்டும்?

மாலை வெயில் சாய்ந்து விழும்போது கல்வெட்டு தெளிவாகத் தெரியும், நேர்வெயிலில் மறைந்துவிடும். செதுக்கிய எழுத்துக்கும் அதே விதிதான்: சுவரை ஒட்டி மேலிருந்து சாய்வாக விழும் ஒளி வேண்டும், எதிரிலிருந்து பாய்ச்சும் ஒளி வேண்டாம். வண்ணம் மாறி மாறி எரியும் எல்.இ.டி. பட்டைகளைத் திருவிழாப் பந்தலுக்கு விட்டுவிடலாம்.

கூலியை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

கல்லில் வெட்டுபவர் எழுத்துக் கணக்கிலும், உலோகத்தில் செய்பவர் அங்குலக் கணக்கிலும், பலகையில் ஒட்டுபவர் சதுர அடிக் கணக்கிலும் சொல்வார்கள். 'கொ' ஓர் எழுத்தா மூன்றா, புள்ளிக்குத் தனிக்கூலி உண்டா என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். இலக்கணப்படி ஒன்று, உளிப்படி மூன்று. கைவினைஞர் பக்கமே நியாயம் அதிகம்.

என்ன வாசகம் வைப்பது? உரிமை வாங்க வேண்டுமா?

குறளே வேண்டும் என்று பெரும்பாலோர் கேட்கிறார்கள். தவறில்லை, சென்னை வள்ளுவர் கோட்டத்தில் 1976 முதல் 1330 குறளும் கல்லில் நிற்கின்றன. முதலடியில் நான்கு சீரும் இரண்டாமடியில் மூன்று சீரும் இருப்பதால் இரண்டாம் வரி குறையாகத் தெரிகிறது என்று அதை இழுத்து நீட்டி இரு ஓரமும் சமமாக்க வேண்டாம். குறளின் உருவமே அந்தக் குறைதான். பாரதியாரின் வரிகளும் தடையின்றிக் கிடைப்பவை; 1904-இல் சில மாதங்கள் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர் என்பதால் இந்த ஊர்ச் சுவருக்கு அவர் அந்நியரும் அல்லர். மற்றவர்களுக்கு, எழுதியவர் மறைந்து 60 ஆண்டுகள் ஆகும்வரை உரிமை உண்டு. எழுத்தில் ஒப்புதல் பெற வேண்டும்.

எங்கள் விருப்பத்தைக் கேட்டால், புகழ்பெற்ற வரிகளை விட அந்தக் கட்டடத்திற்கே உரிய சொற்களைச் சொல்வோம். சந்தைக் கட்டடத்தில் மல்லிகை வகைகளின் பெயர்கள், நீர்வளத் துறை அலுவலகத்தில் வைகைப் படுகைக் கண்மாய்களின் பெயர்கள். தன் ஊர்க் கண்மாயின் பெயரைச் சுவரில் தேடிக் கண்டுபிடிக்கும் ஒருவர் அங்கே நிற்கும் நேரம், அறவுரையைப் படிப்பவர் நிற்கும் நேரத்தை விட அதிகம்.

ஆங்கிலமும் சேர்க்க வேண்டுமா?

கடை, நிறுவனப் பெயர்ப்பலகைகளுக்குத் தமிழ், ஆங்கிலம், பிற மொழி என்ற வரிசையில் 5:3:2 அளவு என்னும் விதி தமிழ்நாட்டில் உண்டு. கலை நிறுவலை அந்தக் கணக்கில் அடைக்க வேண்டியதில்லை என்றாலும், தமிழ் முதன்மையாக இருப்பது முறை. இரு எழுத்தை அருகருகே வைப்பது நமக்குப் புதிதும் அன்று. ஒத்தக்கடை யானைமலை நரசிங்கப் பெருமாள் குடைவரையில் கி.பி. 770-ஆம் ஆண்டுச் செய்தி வட்டெழுத்தில் தமிழாகவும் வடமொழி எழுதத் தென்னாட்டில் வழங்கிய கிரந்த எழுத்தில் வடமொழியாகவும் வெட்டப்பட்டிருக்கிறது.

பழைய கட்டடங்களில் பொருத்தலாமா?

திருமலை நாயக்கர் மகால் போலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடத்தில் ஓர் ஆணிகூட அறையக் கூடாது. பாதுகாப்புப் பட்டியலில் இல்லாத பழைய கட்டடங்களிலும், சுண்ணாம்புக் காரைச் சுவர் விரிவு ஆணியைத் தாங்காது, பொரிந்து கொட்டும். தரையில் தானே நிற்கும் சட்டத்தில் எழுத்தை ஏற்றிச் சுவருக்கு முன்னால் நிறுத்தினால் சுவருக்கும் எழுத்துக்கும் நல்லது.

பார்வையற்றவர்களுக்கு இதில் இடம் உண்டா?

கை எட்டும் உயரத்தில் புடைப்பெழுத்திலும் தமிழ்ப் பிரெயிலிலும் அதே வாசகத்தின் சிறு படி ஒன்றை வைக்கலாம். நடைபாதையில் நிற்கும் எழுத்துச் சிற்பமாக இருந்தால், ஊன்றுகோலுக்குத் தட்டுப்படும்படி அதன் அடி தரையைத் தொட வேண்டும்.

சில ஆண்டுகள் கழித்துக் கட்டடத்தைப் புதுப்பிக்கிறவர்கள் அகற்றிவிட்டால்?

டெல்லியில் அரசு மாநாட்டு அரங்கான விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் அமைத்த 140 அடி நீள, 40 அடி உயர வெண்கலச் சுவர்ச் சிற்பம் 1979-இல் அகற்றப்பட்டுக் கிடங்கில் போடப்பட்டது. கலைஞர் வழக்குத் தொடுத்தார். 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம், எஞ்சிய துண்டுகளை அவரிடமே ஒப்படைக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் ஆணையிட்டது. விலை கொடுத்து வாங்கிய பொருள் என்பதால் அதைச் சிதைக்கும் உரிமையும் வந்துவிடாது என்று அந்தத் தீர்ப்பு நிலைநாட்டியது. ஆகவே ஒப்பந்தத்தில் மூன்று செய்திகளை எழுதிவையுங்கள்: அகற்றும் முன் செய்தவருக்குத் தெரிவிக்க வேண்டும், கழற்றும் முறை வரைபடமாக இணைக்கப்பட வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை தூசி தட்டித் திருகாணி இறுக்குவது யார் பொறுப்பு என்பது பெயர் குறித்து எழுதப்பட வேண்டும். உதிரிப் புள்ளிகள் பத்தை ஒரு பையில் போட்டு, அலுவலக மேலாளரின் மேசை அறையில் வைத்துவிட்டு வருவது எங்கள் வழக்கம்.